ஆடியில் துடைத்தது, ஆவணியில் தெரிந்தது

“சிஸ்டம் ஸ்லோவா இருக்குண்ணே, ஒரு தடவ கிளீன் பண்ணி விட்டுடுங்க.” மன்னார்குடியில் கணினி சர்வீஸ் பார்க்கிற என்னிடம் ஃபோனில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். நீடாமங்கலத்திலிருந்து கேட்பார்கள், திருத்துறைப்பூண்டியிலிருந்து கேட்பார்கள். கேபினட்டைத் திறந்து தூசி தட்டிக் கொடுப்பேன், ஃபேனைக் கழற்றித் துடைப்பேன், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவேன், கணினி ஆனாகும்போதே கூடச் சேர்ந்து ஓடத் தொடங்கும் வேண்டாத புரோகிராம்களை நிறுத்தி வைப்பேன். விண்டோஸும் புரோகிராம்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடுதான் ரெஜிஸ்ட்ரி. அதில் வேண்டாத பதிவுகளை அழிப்பதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் மட்டும் ஓட்ட மாட்டேன். “பக்கத்துக் கடையில ஓட்டிக் குடுக்குறாங்களே, நீங்க ஏன் மாட்டேங்குறீங்க?” என்று கேட்டு, கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. தொழில் நண்பர்களே இதை என் பிடிவாதம் என்கிறார்கள். “எத்தனை மெஷினுக்கு ஓட்டியிருக்கோம், ஒண்ணும் ஆகலையே” என்பது அவர்கள் வாதம். ஒன்றும் ஆகவில்லை என்பதை எப்போது பார்த்துச் சொல்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. ஓட்டி முடித்து, ரீஸ்டார்ட் செய்து, டெஸ்க்டாப் வந்ததும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். அந்தக் கணினி வருஷம் முழுவதும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துச் சொல்வதில்லை.

இந்த எண்ணம் எனக்கு வெகுநாளாக இருந்தாலும், ஒரு டிடிபி கடையில் பார்த்த சங்கதிக்குப் பிறகுதான் அதை முழுசாக விளக்கும் வழி கிடைத்தது.

## முகூர்த்த மாதத்தில் வந்த ஃபோன்

கடைத்தெருவில் ஒரு அக்கா டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி என எல்லாம் அங்கே அடிக்கிறார்கள். ஆவணி பிறந்து முதல் முகூர்த்தங்களுக்குப் பத்திரிகை வேலை தொடங்கியிருந்த நேரம். ஃபோன் வந்தது. “தம்பி, ஹார்ட் டிஸ்க்குல வைரஸ் ஏறிடுச்சு போலருக்கு. கல்யாண டிசைன் ஒண்ணும் சரியாத் தொறக்க மாட்டேங்குது. பொண்ணோட அப்பா வந்து உக்காந்திருக்காரு, கொஞ்சம் ஓடியாங்க.”

போய்ப் பார்த்தேன். பத்திரிகை டிசைன் செய்யும் மென்பொருளான கோரல் டிராவில் ஒரு பழைய பத்திரிகை திறந்திருந்தது. பிள்ளையார் படம், ஓரப் பூ வேலை, தாம்பூலம், எல்லாம் சரியாக இருந்தன. ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்துகள் இருந்தன, தமிழ் இல்லை. கொம்பும் காலும் புள்ளியும் இடம் மாறி, வாயில் நுழையாத ஒரு வரி. மணமகள் பெயர் வர வேண்டிய இடத்தில் பாதி ஆங்கில எழுத்து, பாதி அரைப்புள்ளி. பெண்ணின் அப்பா திரையைப் பார்ப்பதும், தான் கையால் எழுதிக் கொண்டுவந்த தாளைப் பார்ப்பதுமாக இருந்தார்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது என்னவென்று பார்த்ததும் புரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோட் வந்து இத்தனை வருஷம் ஆனாலும், பத்திரிகை அடிக்கிறவர்கள் கையில் இருக்கும் அலங்கார ஃபான்ட்டுகளில் பெரும்பாலானவை பாமினி காலத்து முறையைச் சேர்ந்தவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. அந்த ஃபான்ட் இல்லையென்றால் அடித்ததெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறும். வேறு முறையில் செய்த தமிழ் ஃபான்ட்டை அதன் இடத்தில் போட்டால், தமிழ் போலவே தெரியும், படிக்க முடியாது. ஆக வைரஸ் இல்லை. ஃபான்ட் போய்விட்டது. ஆனால் ஃபான்ட் ஃபைல்கள் எல்லாம் அந்த வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருந்தன. ஃபைல் இருக்கிறது, விண்டோஸுக்கு அது தெரியவில்லை. இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

“கம்ப்யூட்டர்ல சமீபத்துல ஏதாச்சும் ஓட்டுனீங்களாக்கா?” என்று கேட்டேன். அக்காவின் தம்பி மகன், பாலிடெக்னிக் படிக்கிறவன், ஆடி மாதம் லீவில் வந்திருந்தபோது அத்தைக்கு உதவியாக ஒரு கிளீனர் போட்டு ஓட்டிக் கொடுத்திருக்கிறான். அன்பாகச் செய்த வேலை. நூற்றுக்கணக்கில் பிழை காட்டியதாம், எல்லாவற்றையும் சரிசெய்து சுழியமாக்கிக் காட்டினானாம். அக்காவுக்கும் சந்தோஷம். ஆடி முழுவதும் தீமிதி ஃப்ளெக்ஸ், கஞ்சி வார்த்தல் நோட்டீஸ் என்று வேலை தடையில்லாமல் நடந்திருக்கிறது. ஆகவே யாருக்கும் அந்தக் கிளீனர் நினைவில்கூட இல்லை.

## நோட்பேடில் திறந்த அந்த ஃபைல்

அவன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தான். அழிப்பதற்கு முன் பேக்கப் எடுக்கலாமா என்று அந்த மென்பொருள் கேட்டபோது ஆம் என்று அழுத்தியிருந்தான். பெரும்பாலானவர்கள் அவசரத்தில் வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போகிற இடம் அது. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் தேதியோடு ஒரு ரெஜ் ஃபைல், அதாவது ரெஜிஸ்ட்ரி பதிவுகளின் நகல், இருந்தது. அதைத் தட்டித் திறக்காமல், வலது கிளிக் செய்து நோட்பேடில் திறந்தேன். எதையெல்லாம் அழித்தது என்பதற்கான முழுப் பட்டியல் அது. அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேலிருந்து படிக்கத் தொடங்கினோம்.

முதலில் நிறைய உண்மையான குப்பை. எப்போதோ போட்டு எடுத்த ஆன்டிவைரஸின் மிச்சம், இப்போது இல்லாத ஒரு பிரின்டரின் ஹெல்ப் ஃபைல், யாரோ இறக்கிப் பார்த்த வீடியோ பிளேயரின் மிச்சம். இருந்தாலும் கெடுதல் இல்லை, போனாலும் நஷ்டம் இல்லை. அதன் பிறகு ஃபான்ட்டுகள் பதிவாகும் பகுதி வந்தது. வரிசையாக ஒவ்வொரு வரியிலும் ஒரு ஃபான்ட் பெயர், அது இருக்கும் பாதை. எல்லாப் பாதையும் ஈ டிரைவில் தொடங்கியது. நான் ஃபைல் பெயரை வாசிக்க வாசிக்க அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். “இது மாப்ள பேருக்குப் போடுறது, வளைஞ்சு வளைஞ்சு வரும்.” அடுத்தது, “இது உற்றார் உறவினர் வரிக்கு மட்டும்.” அடுத்தது, “இது எங்க வீட்டுக்காரர் ஆஃப்செட் வச்சிருந்த காலத்துலேர்ந்து இருக்கு, தங்கள் நல்வரவை விரும்பும்னு கீழ வருமே, அதுக்கு.” ஓரிடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “தம்பி, இது எல்லாமே கல்யாண ஃபான்ட்டு. ஆடியில கல்யாணம் ஏது? அந்த டிஸ்க்கக் கழட்டி பீரோவுலல்ல வச்சிருந்தேன்?”

நான் சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் அக்காவே சொல்லிவிட்டார். முன்பு சி டிரைவில் இடம் இல்லாத காலத்தில் யாரோ ஒரு மெக்கானிக், ஃபான்ட்டுகளை வெளி டிஸ்க்கில் வைத்து, ஷார்ட்கட் முறையில் விண்டோஸில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். விண்டோஸ் அனுமதிக்கிற முறைதான் அது. டிஸ்க்கை மாட்டிக் கணினியை ஆன் செய்தால் ஃபான்ட் வரும், மாட்டாவிட்டால் வராது, பதிவு மட்டும் அப்படியே காத்திருக்கும். வருஷக்கணக்கில் சிக்கலில்லாமல் ஓடிய ஏற்பாடு. ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்ன செய்கிறது? ஒரு பதிவைப் பார்க்கிறது, அது காட்டும் ஃபைல் அந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இந்த நிமிஷம் இல்லை என்றால், தவறான பதிவு என்று பட்டியலில் சேர்க்கிறது. அதற்குத் தெரிந்த சோதனை அவ்வளவுதான். பீரோவில் டிஸ்க் இருப்பது அதற்குத் தெரியாது. ஆடிக்குப் பிறகு ஆவணி வரும் என்பதும் தெரியாது.

சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கிற கடைமடை வாய்க்காலைப் பார்த்துவிட்டு, இதில் தண்ணீர் ஓடவில்லை, தூர்த்துவிடலாம் என்று ஒருவர் முடிவு செய்தால் நம் ஊரில் விடுவோமா? மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து, கல்லணை தாண்டி, வெண்ணாற்றுக் கிளைகளில் இறங்கித் தண்ணீர் வந்து சேரும்போது அந்த வாய்க்கால்தான் வேண்டும். கிளீனர் செய்வது அந்த முடிவைத்தான்.

டிஸ்க்கை மாட்டிவிட்டு அந்த ரெஜ் ஃபைலை ஏற்றி, ரீஸ்டார்ட் செய்ததும் ஃபான்ட்டுகள் திரும்பி வந்தன. அன்று உட்கார்ந்திருந்தவர் வேலை முடிந்து போனார். ஆனால் நஷ்டம் முழுவதும் திரும்பவில்லை. நான் வருவதற்கு முன், கடையில் வேலை செய்யும் பெண் ஒவ்வொரு டிசைனாகத் திறந்து பார்த்திருக்கிறார். இந்த ஃபான்ட் இல்லை, வேறு எதைப் போடலாம் என்று கோரல் டிரா கேட்டிருக்கிறது. அதில் நிரந்தரமாக மாற்று என்பதும் ஒரு வாய்ப்பு. அதை அழுத்தி, சேவும் செய்துவிட்டார். அந்த ஃபைல்களில் எழுத்து அழியவில்லை, எந்த வரிக்கு எந்த ஃபான்ட் என்ற விவரம் அழிந்துவிட்டது. பழைய அச்சுப் பிரதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்து, வரி வரியாக மறுபடி ஃபான்ட் போட வேண்டியிருந்தது. முகூர்த்த நெருக்கடியில் அந்த வேலை எவ்வளவு பாரம் என்பதை டிடிபி கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

## வேகம் வருகிறதா?

இவ்வளவு ஆபத்துக்கும் பதிலாக ஏதாவது கிடைத்தாலாவது ஒரு நியாயம் இருக்கும். கிடைப்பது ஒன்றுமில்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். ரெஜிஸ்ட்ரி கிளை கிளையாகப் பிரியும் அமைப்பு. ஒரு புரோகிராமுக்குத் தன் அமைப்புகள் வேண்டுமென்றால், அது இருக்கும் பாதையைச் சொல்லி நேரே அங்கே போய் எடுத்துக்கொள்கிறது. தொடக்கத்திலிருந்து கடைசிவரை எல்லாப் பதிவையும் படித்துக்கொண்டு போவதில்லை. லட்சக்கணக்கான பதிவுகள் உள்ள இடத்தில் சில நூறை எடுத்தால் அந்தத் தேடலில் மனிதக் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வராது. இடமும் மிச்சமாகாது. அழித்த சில நூறு வரிகளின் மொத்த அளவு சில பத்து கேபி இருந்தால் அதிகம். அதுவும் ரெஜிஸ்ட்ரி ஃபைலுக்குள் காலி இடமாக நிற்குமே தவிர, அந்த ஃபைல் உடனே சுருங்கிவிடாது.

ஓட்டிய பிறகு வேகமாக இருந்ததே என்பவர்களை நான் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கவில்லை. அந்த மென்பொருள் முடிந்ததும் ரீஸ்டார்ட் கேட்கும். வாரக்கணக்கில் அணைக்காமல் ஓடிய கணினி ஒரு ரீஸ்டார்ட்டிலேயே தெளிந்துவிடும். பல கிளீனர்கள் கூடவே டெம்ப் ஃபைல்களையும் அழிக்கும், ஸ்டார்ட்டப் புரோகிராம்களையும் நிறுத்தும். பலன் அவற்றால் வந்தது, பெயர் ரெஜிஸ்ட்ரிக்குப் போனது. நம் பக்கத்துக் கடைகளில் நான் பார்க்கும் மந்தத்துக்குக் காரணம் அநேகமாகப் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், நாலு ஜிபி ராம், உள்ளே அடைத்துக்கொண்ட தூசி. சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி ஒன்றை மாற்றினாலே அந்தக் கணினி ஆளே மாறிவிடும். அதைச் சொன்னால் செலவு என்று யோசிக்கிறார்கள். கிளீனர் இலவசம் என்பதால் அதை நம்புகிறார்கள்.

ரெஜிஸ்ட்ரியை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட்டின் நிலைப்பாட்டையும் சொல்ல வேண்டும். 1992-இல் விண்டோஸ் 3.1-இல் சிறிய அளவில் வந்த ரெஜிஸ்ட்ரி, விண்டோஸ் 95-இல் எல்லா அமைப்புகளுக்குமான இடமாக வளர்ந்தது. தொண்ணூறுகளில் ரெக்கிளீன் என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட்டே ஒரு துடைப்பானைக் கொடுத்தது, பிறகு நிறுத்திக்கொண்டது. இன்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்வது, ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை நாங்கள் ஆதரிப்பதில்லை, அவற்றால் வரும் கோளாறைத் தீர்க்க முடியும் என்று உறுதி தர முடியாது, விண்டோஸையே மறுபடி நிறுவ வேண்டியும் வரலாம் என்பதுதான். விண்டோஸின் உள்ளும் புறமும் தெரிந்தவர்களே கைவிட்ட வேலையை, வெளியிலிருந்து ஊகித்துச் செய்யும் ஒரு மென்பொருள் செய்துவிடும் என்று நான் நம்பத் தயாரில்லை.

## எடைமேடையும் சிவப்பு எண்ணும்

ஃபான்ட் என்றில்லை. சீசனுக்குச் சீசன் மாட்டுகிற எல்லாவற்றுக்கும் இதே கதி வரலாம். எடைமேடை வைத்திருப்பவர்களைப் பாருங்கள். லாரி எடை காட்டும் கருவி யுஎஸ்பி சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு வரும். முதல் தடவை மாட்டும்போது விண்டோஸ் அதற்கு ஒரு காம் போர்ட் எண், அதாவது அந்த இணைப்புக்கான அடையாள எண், கொடுத்து ரெஜிஸ்ட்ரியில் எழுதிக்கொள்ளும். எடைச்சீட்டு அடிக்கும் மென்பொருளில் அந்த எண்ணைப் பதித்து வைத்திருப்பார்கள். அறுவடை முடிந்ததும் கேபிளைக் கழற்றி வைப்பார்கள். இப்போது மாட்டியிராத சாதனங்களின் பதிவையும் அழிக்கிறேன் என்று சில மென்பொருள்கள் வருகின்றன. அதில் இந்தப் பதிவு போனால், தை மாதம் சம்பா நெல்லோடு லாரி வந்து நிற்கும்போது, கேபிளுக்குப் புது எண் கிடைக்கும். பழைய எண் உபயோகத்தில் இருப்பதாகவே விண்டோஸ் குறித்து வைத்திருக்கும். எடைச்சீட்டு மென்பொருள் பழைய எண்ணில் காத்துக்கொண்டிருக்கும், எடை வராது. காரணம் தெரிந்தவனுக்கு டிவைஸ் மேனேஜரில் எண்ணை மாற்றுவது சின்ன வேலை. தெரியாதவர் கருவி கெட்டுவிட்டது என்று கம்பெனி ஆளைக் கூப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

அப்படியானால் கிளீனர் ஸ்கேன் முடிந்ததும் திரையில் காட்டும் அந்தச் சிவப்பு எண்கள், நூற்றுக்கணக்கான பிழைகள்? பயன்படுத்திய எந்தக் கணினியிலும் அப்படி மிச்சங்கள் இருக்கும், அவை பிழைகள் அல்ல. ஆனால் எண்ணைச் சிவப்பில் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். அந்தப் பயத்தை வைத்து வியாபாரம் செய்வது உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்காவில் வாடிக்கையாளர்களை ஏமாற்றும் வியாபாரங்களை விசாரிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019-இல் ஆஃபீஸ் டிப்போ கடைகளிடமிருந்தும், அவர்களுக்கு மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனத்திடமிருந்தும் 3.5 கோடி டாலர் வாங்கியது. கணினியைச் சோதிப்பதாகச் சொன்ன அந்த மென்பொருளில், தொடக்கத்தில் கேட்கும் கேள்விகளில் ஒன்றுக்கு டிக் போட்டாலே கோளாறு இருப்பதாக முடிவு வந்துவிடும். ஸ்கேன் எதைக் கண்டுபிடித்தது என்பதற்கும் அந்த முடிவுக்கும் தொடர்பில்லை. 2024-இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற பெயர்களில் கணினியைச் சரிசெய்யும் மென்பொருள் விற்ற நிறுவனங்கள், இதே போன்ற புகாரை அதே கமிஷனிடம் 2.6 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டன. கடைக்காரர்கள் என்னிடம் சிவப்பு எண்ணின் ஃபோட்டோவை வாட்ஸப்பில் அனுப்பும்போதெல்லாம் இந்த வழக்குகள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

நேர்மையான மென்பொருளாகவே இருந்தாலும் ஒரு சங்கடம் உண்டு. ரெஜிஸ்ட்ரியில் கைவைக்க அதற்கு அட்மின் அனுமதி வேண்டும், நாமும் கொடுத்துவிடுகிறோம். பலரும் பயன்படுத்தும் கிளீனரான சிசிகிளீனரின் 5.33 பதிப்பில் யாரோ தீங்கான நிரலைச் சேர்த்துவிட்டார்கள், 2017 ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 12 வரை அந்தப் பதிப்புதான் கிடைத்தது. அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே, நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்தோடே அது இறங்கியது. ஏறத்தாழ 22.7 லட்சம் பேரின் கணினியில் போய் உட்கார்ந்தது. வேண்டாத ஒரு வேலைக்காக அவ்வளவு பெரிய அனுமதியை எதற்குக் கொடுக்க வேண்டும்?

## ஏற்கெனவே ஓட்டிவிட்டவர்களுக்கு

முதலில், பிழை எதுவும் தெரியாவிட்டாலும் அந்த ரெஜ் பேக்கப் ஃபைலைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பெரும்பாலும் டாக்குமென்ட்ஸில் அல்லது அந்த மென்பொருளின் ஃபோல்டரில் இருக்கும். வருஷத்தில் ஒரு தடவை மட்டும் மாட்டும் டிஸ்க், கேபிள், ஸ்கேனர், பிரின்டர் எல்லாவற்றையும் இப்போதே மாட்டிச் சோதித்துப் பாருங்கள். வேலை நெருக்கும் மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோர் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பியும் இருக்க வேண்டாம். பல கணினிகளில் அது அணைத்தே கிடக்கிறது. சிஸ்டம் புரொடெக்‌ஷன் பகுதிக்குப் போய் சி டிரைவுக்கு அதை ஆன் செய்துவிட்டு, கையோடு ஒரு ரெஸ்டோர் பாயின்ட் உருவாக்கி வையுங்கள். முன்பெல்லாம் விண்டோஸ் தானாகவே ரெஜிஸ்ட்ரிக்கு ரெக்பேக் ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்து வைக்கும். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அது நின்றுவிட்டது. இன்று அந்த ஃபோல்டரைத் திறந்தால் அநேகமாகச் சுழியம் கேபி ஃபைல்கள்தான் இருக்கும். பழைய யூடியூப் வீடியோக்களில் அங்கிருந்து மீட்கலாம் என்று சொல்வதை நம்பி அந்தக் காலி ஃபைல்களை எடுத்து உண்மையான ஃபைல்கள் மேல் போட்டுவிடாதீர்கள், அப்புறம் விண்டோஸ் எழுந்திருக்காது.

கோரல் டிராவில் ஃபான்ட் இல்லை என்று பெட்டி வந்தால் தற்காலிக மாற்றத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், சேவ் செய்யாமல் மூடுங்கள். ரெஜ் ஃபைல் கையில் இருந்து, அதை ஏற்றலாமா வேண்டாமா என்று தயக்கமாக இருந்தால், ஃபார்மட் அடிக்கச் சொல்கிறவரிடம் போகும் முன் என்னைக் கூப்பிடுங்கள். அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து, உங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம். எந்த வரி எந்த வேலைக்கு என்பது உங்களுக்குத்தான் தெரியும்.